தமிழ் படித்தால் கணினி வேலை கிடைக்காதா?

கல்லூரி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டிலும் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து ஒரு பெரும்படை சென்னைக்குப் புறப்படுகின்றது. கையில் சான்றிதழ்கள் அடங்கிய உறை. தோளில் ஒரு பை. உள்ளத்தில், படிப்பிற்காக அடகு வைத்த நிலத்தை மீட்க வேண்டுமே என்னும் கவலை. தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் வானளாவி நிற்கும் கண்ணாடி மாளிகைகளின் வாயில்களில் அப்படை போய் நிற்கின்றது. சிலர் உள்ளே நுழைகின்றனர். பலர் திரும்பி வருகின்றனர். திரும்பி வருவோருள் மிகப் பலர் ஊருக்குக் கொண்டு வரும் செய்தி ஒன்றே: “பாடம் தெரியும், ஆங்கிலம்தான் பேச வரவில்லை.”

இச்செய்தி ஓர் இளைஞனின் தோல்வியோடு நின்றுவிடுவதில்லை. அவன் திரும்பி வந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தந்தை, தம் மகளைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்து, கடன் வாங்கியேனும் ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க உறுதி செய்கின்றார். அவரைப் பார்த்து அடுத்த தெருவினரும் அவ்வாறே செய்கின்றனர். ஓர் இளைஞனுக்கு வேலை கிடைக்கவில்லை என்பது ஒரு குடும்பத்தின் துன்பம். கிடைக்காமைக்குத் தமிழே கரணியம் என்று ஓர் ஊரே நம்பிவிட்டது என்பதோ ஓர் இனத்தின் துன்பம். ஆகலின், கணினித் தொழிலில் வேலை தேடுவது எவ்வாறு என்னும் கேள்வி வெறும் வயிற்றுக் கேள்வி அன்று. தமிழ் இனி எங்கே நிற்கப் போகின்றது என்னும் கேள்வியும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. வாயிலை மறித்து நிற்பது தமிழா, வேறொன்றா என்பதை உணர்ச்சியால் அன்றி உண்மையால் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

முதற்கண், இத்தொழில் இந்நாட்டில் எவ்வாறு வேர் பிடித்தது என்பதை அறிதல் நலம். டாட்டா குழுமத்தின் கணினிப் பிரிவு 1968-இல் தொடங்கியது. 1976-இல் தூத்துக்குடி மாவட்டத்துத் தமிழரான சிவ நாடார் தம் தோழர்களுடன் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கி, கணினிப் பொறியையே இந்நாட்டில் செய்து விற்க முற்பட்டார். பங்குகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்னும் அன்னியச் செலாவணிச் சட்டத்திற்கு உடன்படாமல், அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனம் 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. 1984-இல் இந்திய அரசு கணினி இறக்குமதிக்கு இருந்த கட்டுகளைத் தளர்த்தியது. 1991-இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா என்னும் அமைப்பு ஏற்பட்டு, மென்பொருளை அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய வழி அகன்றது. 1994-இல் காக்னிசன்ட் நிறுவனம் சென்னையில் முளைத்தது. 1997-இல் தமிழ்நாட்டரசு தன் தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலை முழுதும் இத்தொழிலின் சாலையாகவே மாறிவிட்டது.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை புதைந்து கிடக்கின்றது. இந்நிறுவனங்களுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டு மக்களின் தேவைக்காகத் தோன்றியவை அல்ல. அமெரிக்க வைப்பகங்களின் கணக்கையும், ஐரோப்பியக் காப்பீட்டு நிறுவனங்களின் பதிவேடுகளையும், கடல் கடந்த கடைகளின் சரக்குப் பட்டியலையும் பார்த்துக் கொடுப்பதற்காகவே இவை வளர்ந்தன. வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் பேசுகின்றார்; ஆகவே பணியாளனும் ஆங்கிலத்தில் பேச வேண்டியவன் ஆகின்றான். ஆங்கிலம் இங்கே அறிவின் மொழியாக நிற்கவில்லை. விலை கொடுப்பவரின் மொழியாக நிற்கின்றது. நாளை சப்பானியரே பெரும் வாடிக்கையாளர் ஆயின், இதே மாளிகைகள் சப்பானிய மொழியைக் கேட்கும். இப்பொழுதே சப்பானிய வாடிக்கையாளருக்குப் பணிபுரியும் பிரிவுகளில் அம்மொழி கற்றோர்க்குத் தனி மதிப்பு உண்டு. விலைக்குரிய மொழியையும் அறிவுக்குரிய மொழியையும் ஒன்றென்று குழப்பிக்கொண்டதே எல்லாக் கேட்டிற்கும் வேர்.

இனி, வேலைக்கு ஆள் எடுக்கும் முறையைப் பார்க்கலாம். பெரிய நிறுவனங்கள் முதலில் தாம் தெரிந்தெடுத்த கல்லூரிகளின் வளாகங்களுக்கே செல்கின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் ஆகிய மூன்றிலும் நூற்றுக்கு அறுபதுக்குக் குறையாத மதிப்பெண், தேறாத தாள் எதுவும் நிலுவையில் இன்மை என்பன பல நிறுவனங்கள் வைத்திருக்கும் முதல் வேலி. இரண்டாவது, கணக்கறிவு, ஏரணம், ஆங்கிலம் ஆகியவற்றைக் கணினி வழியே ஆராயும் தேர்வு. மூன்றாவது, நிரல் எழுதும் தேர்வு. சில இடங்களில் அதன்பின் குழு உரையாடல், இறுதியில் நேர்காணல். இவற்றுள் கணக்கறிவிலும் ஏரணத்திலும் நிரலிலும் சிற்றூர் மாணவன் பெரும்பாலும் தோற்பதில்லை. அவன் கால் இடறுவது ஆங்கிலத் தாளிலும் குழு உரையாடலிலும் நேர்காணலின் முதற் கேள்வியிலுமே. “உன்னைப் பற்றிச் சொல்” என்பதே அம்முதற் கேள்வி. இருபத்தோர் ஆண்டுகள் வாழ்ந்த தன் வாழ்வைப் பற்றி அவன் அறியாதது ஒன்றும் இல்லை. விடியலில் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடியவன். தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். பழுதுபட்ட நீரேற்றியைத் தானே பிரித்துப் பூட்டியவன். இவற்றைத் தமிழில் கேட்டிருந்தால் கேட்டவர் வியந்திருப்பார். ஆங்கிலத்தில் கேட்டமையால் நான்கு சொற்களோடு அவன் வாய் அடைத்துப் போகின்றது. அறிவை அளக்க வேண்டிய கோல் நாக்கை அளந்துவிட்டு, அறிவில்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகின்றது.

கணினிக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்பதே விடை. மின்னோட்டம் உண்டு, இல்லை என்னும் இரண்டு நிலைகளைத் தவிர அப்பொறிக்கு வேறு மொழி இல்லை. மாந்தர் எழுதும் நிரல்மொழிகளில் ஆங்கிலச் சொற்கள் உள்ளன என்பது மெய்யே. ஆனால் அவை எத்தனை? சி என்னும் நிரல்மொழிக்கு 1989-இல் வகுக்கப்பட்ட தரத்தில் ஒதுக்குச் சொற்கள் 32 மட்டுமே. இன்று பெரிதும் வழங்கும் பைத்தான் மொழியிலும் அவை நாற்பதுக்கு உட்பட்டனவே. நாற்பது சொற்களைக் கற்பதற்கு ஒருவன் தன் தாய்மொழியைத் துறக்க வேண்டியதில்லை. எஞ்சியவை எல்லாம் எண்ணத்தின் ஒழுங்கு.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஆயிரம் பக்கமுள்ள அகரமுதலியில் ஒரு சொல்லைத் தேட வேண்டும். முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுபவன் ஆயிரம் பக்கத்தையும் பார்க்க நேரலாம். நடுவில் பிரித்து, தேடும் சொல் முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்று பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, எஞ்சிய பாதியை மீண்டும் நடுவில் பிரிப்பவனோ பத்தே முறையில் அப்பக்கத்தை அடைந்துவிடுவான். கணினியியலில் தேடல் பற்றிய அடிப்படைப் பாடங்களுள் ஒன்று இது. இதனைத் தமிழில் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். இதையே பொருள் விளங்காத ஆங்கிலத் தொடர்களாக மனப்பாடம் செய்த பட்டதாரி, நேர்காணலில் கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டவுடன் திகைத்து நிற்கின்றான். அவனைக் கைவிட்டது அவன் அறியாத ஆங்கிலம் மட்டும் அன்று. விளங்காமல் படித்த படிப்பே அவனை முதலில் கைவிட்டது.

பிற நாட்டார் என்ன செய்தனர்? சப்பானியரான மட்சுமோட்டோ யுகிகிரோ உருபி என்னும் நிரல்மொழியை உருவாக்கி 1995-இல் வெளியிட்டார். அதன் ஒதுக்குச் சொற்களை அவர் ஆங்கிலத்திலேயே அமைத்தார். ஆனால் தொடக்கத்தில் அதற்குரிய விளக்கங்களும் கலந்துரையாடல்களும் பெரும்பாலும் சப்பானிய மொழியிலேயே நடந்தன. சில ஆண்டுகள் கழித்தே ஆங்கில உலகம் அதனைக் கண்டு, விரும்பிக் கற்றுக்கொண்டது. சொல் சில கடன் வாங்கினும் சிந்தனை தம் மொழியில் நடந்தது என்பதே இதன் பாடம். கொரியரின் செய்தி இன்னும் வீறுடையது. தம் எழுத்திற்கென்றே அவர்கள் 1989-இல் ஒரு சொற்செயலியை ஆக்கினர். 1998-ஆம் ஆண்டுப் பொருளியல் நெருக்கடியில் அந்நிறுவனம் நொடித்தபொழுது, அச்சொற்செயலியை இனி வளர்ப்பதில்லை என்னும் உடன்பாட்டின் பேரில் முதலீடு செய்ய மைக்ரோசாப்ட் முன்வந்தது. கொரிய மக்கள் கொதித்தெழுந்தனர், பணம் திரட்டினர், சொற்செயலியை விலை கொடுத்து வாங்கினர், அவ்வுடன்பாடு கைவிடப்பட்டது. அச்சொற்செயலி இன்றும் கொரிய அரசு அலுவலகங்களில் வழங்கி வருகின்றது. ஒரு மொழியைக் காத்தபொழுது அம்மொழியில் மென்பொருள் எழுதுவோரின் வேலையும் சேர்ந்தே காக்கப்பட்டது.

தமிழுக்கு அத்தகுதி இல்லை என்று எவரும் கூற முடியாது. மலேசியாவில் முத்து நெடுமாறனும் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும், தமிழ்நாட்டரசு விழித்துக்கொள்ளும் முன்னரே, தமிழைக் கணினியில் ஏற்றப் பாடுபட்டனர். 1991-இல் வெளிவந்த ஒருங்குகுறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம் பெற்றன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதுதற்கு எழில் என்னும் மொழியும் உண்டு. ஆற்றல் இருக்கின்றது, ஆர்வலர் இருக்கின்றனர். ஆயின், அவ்வாற்றலை வேலையாக மாற்றும் வாய்க்கால்தான் வெட்டப்படவில்லை.

வாய்க்காலை வெட்ட வேண்டிய அரசு செய்தது என்ன? 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியல் படிப்பைத் தொடங்கியது. ஆனால் கட்டடப் பொறியியல், எந்திரப் பொறியியல் என்னும் இரண்டே துறைகளில். வேலை மிகுதியாக இருந்த கணினித் துறை அன்று அதில் சேர்க்கப்படவில்லை. அதே 2010-இல் தமிழ்வழியிற் கற்றோர்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கும் சட்டம் வந்தது. வரவேற்கத்தக்க சட்டமே, எனினும் கணினித் தொழில் அரசுப் பணி அன்று, தனியார் வாயிலில் அச்சட்டத்திற்கு நுழைவில்லை. 2021-இல், அரசுப் பள்ளியிற் படித்த மாணவர்க்குப் பொறியியல் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டமும் நிறைவேறியது. இதனால் தமிழில் படித்த ஏழைப் பிள்ளைகள் பலர் பொறியியல் கல்லூரிக்குள் காலடி வைத்தனர். ஆனால் உள்ளே நுழைந்த முதல் நாளிலேயே, பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் எண்ணிப் பழகிய பிள்ளையின் முன் எல்லாம் ஆங்கிலமாக நிற்கின்றது. பன்னிரண்டாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் இடையில் ஒரு பாலம் போடாமல், ஆற்றின் அக்கரையில் இடம் ஒதுக்கியாயிற்று என்று கூறுவது முழு அறம் ஆகாது. 2023-இல் உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்தப் போவதாக அண்ணா பல்கலைக்கழகம் அறிவித்து, எதிர்ப்பு எழுந்தவுடன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றதையும் தமிழர் மறந்துவிடலாகாது. வேலைவாய்ப்போடு இணைக்கப்படாத தமிழ்வழிக் கல்வி, நீர் பாய்ச்சாத நாற்று. அது வாடுவதைக் காட்டி, மண்ணே உவர்மண் என்று சொல்லக் காத்திருப்போர் பலர்.

மென்பொருளைப் பற்றியே பேசி வன்பொருளை மறந்துவிடுவது படித்தோரின் வழக்கம். திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் கைப்பேசியும் கணினி உறுப்புகளும் கோக்கும் ஆலைகளில் பல்லாயிரவர் வேலை செய்கின்றனர். அவருள் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் கைப்பேசி செய்யத் தொடங்கி, ஒரு காலத்தில் உலகின் பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக விளங்கி, 2014 நவம்பர் முதல் நாளோடு நின்று போயிற்று. அங்கு வேலை செய்த ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றனர். ஓர் ஆலையில் ஒரே திருகைத் திருகப் பழகியவர்க்கு வேறோர் ஆலை கதவு திறப்பது அரிது. சுற்றுப்பலகையின் இயல்பையும் மின்னணுவியலின் அடிப்படையையும் தம் மொழியில் கற்றிருப்பின், அவர்கள் பழுது பார்ப்போராகவும் தரம் ஆய்வோராகவும் பயிற்றுநராகவும் உயர்ந்திருக்க முடியும். கையை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அறிவை வளர்க்காமல் விட்டுவிடும் தொழில், விலகிப் போகும்பொழுது ஒன்றையும் விட்டுச் செல்வதில்லை.

இவ்வாலைகளில் சேரும் பெண்ணின் கையில் தரப்படும் பணி ஆணை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றது. ஊதியத்தில் பிடித்தம் எவ்வளவு, பணிக்காலம் எத்தனை திங்கள், அமர்த்துவது ஆலையா ஒப்பந்தக்காரரா, விலகினால் என்ன இழப்பு என்பனவெல்லாம் அதில் உள்ளன. அவளோ தன் பெயரைத் தவிர வேறொன்றையும் அதில் படிக்க இயலாமல் கையொப்பம் இடுகின்றாள். ஆலையின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்க்கு விளங்கும் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டமே கூறியது. ஆங்கிலேயன் ஆண்ட காலத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்ட இவ்வுரிமையைத் தனியொரு தொழிலாளியின் பணி ஆணைக்கும் நீட்டுவதற்குத் தமிழர் அரசுகள் இத்தனை ஆண்டுகள் தயங்கியது ஏன்? படிக்க முடியாத தாளில் இடும் கையொப்பம் உடன்பாடு ஆகாது; அது கண்ணைக் கட்டிக்கொண்டு கடக்கும் கிணற்றுமேடு.

விளங்காத மொழியும் வேலைப் பசியும் சேரும் இடத்தில் ஏமாற்றுக்காரன் கடை விரிப்பான். முன்பணம் கட்டினால் பெரிய நிறுவனத்தில் இடம் என்பார். ஆறு திங்கள் பயிற்சிக்குப் பணம் பெற்று, போலிப் பட்டறிவுச் சான்று எழுதித் தருவார். மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர மறுப்பார். ஒன்றை எல்லாப் பெற்றோரும் உறுதியாக உணர்தல் வேண்டும்: ஆள் எடுக்கும் நேர்மையான நிறுவனம், வேலை தருவதற்கு வேலை தேடுவோனிடம் பணம் கேட்பதில்லை. போலிச் சான்றால் நுழைந்தவன், பின்னர் நடக்கும் சரிபார்ப்பில் வேலையையும் இழந்து பெயரையும் இழக்கின்றான்.

அங்ஙனமாயின் தமிழ் இளைஞன் செய்ய வேண்டுவது என்ன? ஆங்கிலமே வேண்டாம் என்று அவனிடம் கூறுவோர் அவனுக்கு நன்மை செய்வோர் அல்லர். இன்றைய நிலையில் அத்தொழிலின் நேர்காணலும் ஆவணங்களும் ஆங்கிலத்தில் உள்ளன; அதனை மறைத்தல் பொய்யாகும். அவன் ஆங்கிலம் கற்க வேண்டும். ஆனால் உளி பிடிக்கக் கற்பதுபோல் கற்க வேண்டும். உளியைத் தெய்வமாக வைத்துப் பூசை செய்யும் தச்சன் எவனும் இல்லை. நாள்தோறும் ஒரு மணி நேரம், தோழன் ஒருவனோடு தன் பாடத்தைப் பற்றியே ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பேசிப் பழகினால், ஓராண்டில் அச்சம் தெளியும். பிழை வரும், வரட்டும். அயல்மொழியில் பிழை செய்வது இழிவன்று. தாய்மொழியில் பிழை செய்து அதனைப் பெருமையாகப் பேசித் திரிவதே இழிவு.

அதனினும் முதன்மையானது, பாடத்தைத் தமிழில் விளங்கிக்கொள்வது. கற்ற ஒவ்வொரு கருத்தையும் தன் தாய்க்கோ தம்பிக்கோ தமிழில் விளக்க முடிகின்றதா என்று அவன் தன்னைத் தானே ஆய்ந்து கொள்ளலாம். முடியவில்லையெனின், அது தமிழின் குறை அன்று. அவனுக்கு அக்கருத்து இன்னும் விளங்கவில்லை என்பதன் அறிகுறி. பத்து நிரல்மொழிகளின் பெயரைத் தன் விளக்கக் குறிப்பில் அடுக்குவதைவிட, ஒன்றை ஆழக் கற்று, அதனால் ஒரு பயனுள்ள கருவியைச் செய்து காட்டுவதே மேல். ஊர்க் கூட்டுறவுப் பால் நிலையத்தின் கணக்கைப் பார்க்கும் நிரல் ஆயினும் ஆகுக. பேருந்து நேரத்தைத் தமிழில் காட்டும் செயலி ஆயினும் ஆகுக. செய்து முடித்து இணையத்தில் யாவரும் காண வைத்தால், அதுவே அவனுக்குச் சான்றிதழ். கட்டற்ற மென்பொருள் இயக்கங்களில் சேர்ந்து தமிழாக்கமோ பிழைதிருத்தமோ செய்தாலும், உலகத்தார் அவன் வேலையைக் கண்கூடாகக் காண்பர். பட்டத்திற்கு வெளியே ஒரு வழி உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கின்றது. சோகோ நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்போ பட்டயமோ முடித்த இளைஞரை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றி, வேலையில் அமர்த்தும் பள்ளி ஒன்றை நடத்தி வருகின்றது. தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் அதன் அலுவலகம் 2011 முதல் இயங்குகின்றது. மென்பொருள் எழுதுதற்குக் கண்ணாடி மாளிகை வேண்டியதில்லை. குற்றால மலையடிவாரமும் போதும் என்பதை அது காட்டிவிட்டது.

நிலையான வேலை என்னும் கனவிலும் இளைஞன் மயங்கிக் கிடக்கலாகாது. பெரிய நிறுவனங்கள் புதிதாய்ச் சேரும் பட்டதாரிக்குத் தரும் ஊதியம் பல ஆண்டுகளாகவே ஆண்டிற்கு மூன்று, மூன்றரை நூறாயிரம் உருபா என்னும் அளவிலேயே நிற்கின்றது, விலைவாசியோ நிற்கவில்லை. 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் டாட்டா கணினி நிறுவனம் தன் பணியாளருள் நூற்றுக்கு இருவரை, ஏறத்தாழ 12,000 பேரை, குறைக்கப் போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு, தொடக்கநிலை நிரல்களையும் ஆங்கில மடல்களையும் தானே எழுதத் தொடங்கிவிட்டது. ஆங்கிலம் பேச வரும் என்பதையே முதலாகக் கொண்டு நுழைந்தவனின் முதல் கரைகின்றது. விளங்கி எண்ணத் தெரிந்தவனின் முதலோ அவ்வளவு எளிதில் கரையாது.

இம்மாற்றத்திலேயே தமிழறிந்தோர்க்கு ஒரு புது வாயிலும் திறக்கின்றது. பேச்சை எழுத்தாக்கவும், எழுத்தைப் பேச்சாக்கவும், பிழை திருத்தவும், மொழிபெயர்க்கவும் பொறிகளைப் பழக்குதற்குச் செம்மையான தமிழ்த் தரவு வேண்டும். வேற்றுமையும் புணர்ச்சியும் வினைமுற்றும் அறிந்தோர் வேண்டும். தமிழ் இலக்கணமும் நிரலும் ஒருங்கே அறிந்த இளைஞர் மிகச் சிலரே. தமிழைத் தொல்லையென்று உதறியவரால் இவ்வேலையைச் செய்ய முடியாது. தமிழர் செய்யாவிடின், தமிழை அரைகுறையாய் அறிந்த பிறர் செய்வர். அவர் செய்த பிழைத் தமிழையே நாளைத் தமிழ்ப் பிள்ளைகள் பொறியின் வாயிலாகக் கேட்டு வளர்வர்.

அரசின் கடமைகள் நான்கு. ஒன்று, கணினியியல் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களுக்கேனும் தரமான தமிழ் நூல்களை எழுதுவித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் தேர்வெழுத ஒப்புதல் அளித்து, ஆங்கிலத்தைத் தனிப் பயிற்சியாகக் கற்பிப்பது. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் அனைத்தும் தமிழிலும் கிடைக்குமாறு செய்வதும் இதனுள் அடங்கும். இரண்டு, அரசு வாங்கும் ஒவ்வொரு மென்பொருளும் தமிழில் முழுமையாக இயங்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது. அவ்வொரு வரியே பல்லாயிரம் தமிழ் இளைஞர்க்கு வேலை தரும். மூன்று, அரசு நிலமும் மின்சலுகையும் பெறும் நிறுவனங்கள், வாடிக்கையாளரோடு பேசத் தேவையில்லாத பணியிடங்களுக்குத் தமிழிலும் தேர்வும் நேர்காணலும் நடத்த வேண்டும் என்று கட்டளையிடுவது. நான்கு, தமிழ்நாட்டில் தரப்படும் பணி ஆணையும் ஒப்பந்தமும் தமிழிலும் இருந்தாலன்றிச் செல்லாது என்று சட்டம் இயற்றுவது.

அரசைக் கேட்குமுன் தமிழன்பர் தம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மேடையில் தனித்தமிழ் முழங்கிவிட்டு, விடிந்ததும் தம் பிள்ளையை ஆங்கிலப் பள்ளி ஊர்தியில் ஏற்றி அனுப்புவோர், வேலை கிடைக்காது திரும்பிய அவ்வுழவர் மகனின் முகத்தை எவ்வாறு நேர்கொண்டு பார்க்க முடியும்? தமிழை நம்பிப் படித்தவன் அவன். அவனைத் தாங்குதற்கு ஊர்தோறும் ஐவர் சேர்ந்தால் போதும்: கணினி அறிந்த ஒருவர் கிழமைக்கு இரு நாள் தமிழில் பாடம் சொல்லலாம், ஆங்கிலம் அறிந்த ஒருவர் பேசிப் பழக்கலாம், வேலையில் உள்ள ஒருவர் தம் நிறுவனத்தின் பணியறிவிப்புகளைத் தெரிவிக்கலாம், சட்டம் அறிந்த ஒருவர் பணி ஆணையைப் படித்துச் சொல்லலாம், இடம் உள்ள ஒருவர் தம் திண்ணையைத் தரலாம். நூறு மாநாடுகள் செய்யாததை இத்தகைய நூறு திண்ணைகள் செய்துவிடும்.

வாயிலை மறித்து நிற்பது தமிழ் அன்று. விளங்காமல் படிக்க வைத்த கல்வி ஒரு கதவு. நாவை அறிவென்று மயங்கிய தேர்வு ஒரு கதவு. கடமை மறந்த அரசு ஒரு கதவு. தமிழ் மேலேயே பழி போட்டுத் தப்பித்துக்கொள்ளும் அடிமை உள்ளம், எல்லாவற்றினும் திண்ணிய கதவு. முதல் மூன்றையும் சட்டத்தாலும் போராட்டத்தாலும் திறக்கலாம். நான்காவதை ஒவ்வொரு தமிழனும் தன் வீட்டிலிருந்தே திறத்தல் வேண்டும். அன்று, சென்னைக்குச் சென்ற அவ்விளைஞன் திரும்பி வருங்கால் தன் ஊருக்குக் கொண்டு வரும் செய்தி வேறாக இருக்கும்: “தமிழில் கற்றேன், விளங்கிக் கற்றேன், வேலை கிடைத்தது.” அச்செய்தியைக் கேட்ட பக்கத்து வீட்டுத் தந்தை, தம் மகளைத் தமிழ்ப் பள்ளியிலேயே படிக்க விடுவார்.